அடுப்பு ஒன்றா இரண்டா

ஆகஸ்ட் 1, 1978. செவ்வாய்.

காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் வெயில். கருவாடு காயவில்லை. திரும்ப உள்ளே எடுத்தேன்.

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். பெரியவன் ஏழுமலை இந்த வருஷம் இரும்பு ஆலையில் மேஸ்திரி. அவன் மகள் கலா எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதல். இப்போது பொன்னேரியில் டைப் படிக்கிறாள், ஒரே மாதத்தில் எழுத்தைப் பார்க்காமல் அடிக்கிறாளாம். அவன் மகன் முரளி எட்டாவது. ஓட்டத்தில் இரண்டாம் பரிசு, வெள்ளிக் கப். வெள்ளி இல்லை என்று அவன் அம்மா சரோஜா சுரண்டிப் பார்த்துச் சொன்னாள். சுரண்டியிருக்க வேண்டாம். சின்னவன் தணிகாசலம் போன முறை வலை கட்டிய நாளில் குப்பத்திலேயே அவன் கூடைதான் கனம். கம்பெனி வண்டிக்காரன் இவனுக்காக அரை மணி நின்று இறால் எடுத்துப் போனான். சின்னவன் குழந்தை பவானிக்குப் பத்து மாதம், இரண்டு பல். கூப்பிட்டால் முதலில் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். அவள் அம்மா அஞ்சலைக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

நான் படித்தது ஐந்தாவது. என் வயிற்றில் பிறந்ததிலும் அதுகள் பெற்றதிலும் ஒன்றுகூடச் சோடை இல்லை. வெளியில் சொன்னால் பக்கத்து வீட்டு நாகம்மா கண் வைக்கிறாள். அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

சாயந்திரம் பெரியவன் ஒரு வீட்டுப் பேச்சு கொண்டுவந்தான். கும்மிடிப்பூண்டியில், கல்கத்தா போகிற ஜி.என்.டி. ரோட்டு மேலேயே. ஆலைக்குக் கால் மணி நடை. இங்கிருந்து அவனுக்குப் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. ஆறு வருஷமாய். இளைத்துவிட்டான்.

"ரோட்டுக்குப் பக்கமா?" என்று கேட்டேன்.

"பக்கம் இன்னாம்மா, வாசப்படிய இறங்குனா ரோடுதான்."

புளி, மண்ணெண்ணெய், பவானிக்கு கிரைப் வாட்டர். நாளைக்கு மறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 4. வெள்ளி.

வீடு பார்த்தாயிற்று. நான், பெரியவன், சரோஜா. பொன்னேரி வரை பஸ், பிறகு ரயில். சின்னவனுக்கு இன்று வலை கட்டும் நாள், வரவில்லை.

வீட்டுக்காரர் தெலுங்குக்காரர், எழுபது வயது இருக்கும். நெல்லூரில் மகள் வீட்டோடு போகிறார். லாரி வந்தால் பேச்சை அப்படியே நிறுத்துகிறார். போனதும் விட்ட இடத்தில் தொடங்குகிறார். நாமும் அப்படியே பேசத் தொடங்கிவிடுகிறோம்.

"மூணு ரூமும்மா. மேல நல்ல—" லாரி. "—தளம். ஒழுகாது."

"சத்தம் இன்னா நைனா இப்படி இருக்குது?"

"ஒரு மாசம் பேஜாரா இருக்கும். அப்பறம் சத்தம் நின்னாத்தான் இன்னாமோ ஏதோன்னு வெளிய வந்து பாப்பீங்கோ."

சமையலறைப் பலகையில் எவர்சில்வர் தட்டுகள். பெரிய லாரி போனால் நடுங்கி நடுங்கி முன்னால் நகர்கின்றன. அவர் மனைவி என்னோடு பேசிக்கொண்டே கையை நீட்டிப் பின்னுக்குத் தள்ளினாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சன்னல் கம்பியில் விரல் வைத்தேன், கரி. கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குடித்தேன். கொஞ்சம்கூட உப்பு இல்லை. இரண்டு தம்ளர் குடித்தேன்.

மூன்று அறை. வாசல் பக்கம் பெரியவனுக்கு. கிணற்றுப் பக்கம் சின்னவனுக்கு, அங்கே சத்தம் குறைவு, குழந்தை தூங்கும். நடுவில் நானும் கலாவும் முரளியும். ரயிலில் வரும்போதே மனசுக்குள் சாமானெல்லாம் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6. ஞாயிறு.

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. கண்ணெல்லாம் மணல்.

எல்லோரும் உட்கார்ந்து பேசினோம்.

வாங்கலாம் என்பதற்கு: பெரியவன் உடம்பு. நல்ல தண்ணீர். கலாவுக்கு வேலை கிடைத்தால் வாசலிலேயே பஸ். முரளிக்கு ஹைஸ்கூல். பெரியவன் கம்பெனியில் கடன் தருகிறார்கள்.

வேண்டாம் என்பதற்கு: லாரி. பவானி தவழ்கிறாள், வாசலுக்கு அடைப்பு போட வேண்டும். கரி. ஏரி.

ஏரிதான் பெரிது. ஏரியில் கழி நட்டு வலை கட்ட எங்கள் குப்பத்தில் நாள் முறை உண்டு. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோவில் முன்னால் சீட்டு எடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். குப்பத்தில் குடியிருக்கிற குடும்பத்துக்குத்தான் பாடு. பிரியாத குடும்பத்துக்கு ஒரே பாடு. எங்களது, என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் பெயரில், இப்போது பெரியவன் பெயரில். வலை கட்டுவது மட்டும் சின்னவன். பெரியவன் ஊரை விட்டுப் போனால் அந்தப் பெயர் அடிபடும்.

அதற்குச் சின்னவன் ஒரு வழி சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான்.

"நீங்க போங்கம்மா. நானும் அஞ்சலையும் இங்கியே இருந்துக்குறோம். சீட்டு அன்னிக்கு நாங்க பிரிஞ்சிட்டோம்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா எம் பேர்ல எழுதிக்குவாங்க."

"பிரிஞ்சிட்டோம்னா?"

"பேருக்குத்தாம்மா. முறை இல்லாத நாள்ல அங்கதான வந்து துன்னப்போறேன்."

அப்பன் இல்லாத வீட்டில் அம்மா வார்த்தைதான் ஊரில் செல்லும். நான் சொல்ல வேண்டும். பேருக்குக்கூட அந்த வார்த்தை என் வாயில் வராது என்றேன்.

என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பேருக்குத்தான் பிரிந்தார்கள். முதலில் அடுப்பு இரண்டு. பிறகு நடுவில் ஓலைத் தட்டி. தம்பி செத்த சேதி இவருக்கு மூன்றாம் நாள் மீன் மார்க்கெட்டில் தெரிந்தது. கூடையை அங்கேயே போட்டுவிட்டு வந்தார். அதை நான் பார்த்தவள்.

ஆகஸ்ட் 9. புதன்.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்திருக்கிறேன்.

குழாயடியில் நாகம்மா. எல்லோர் முன்னாலும்.

"ரோட்டு மேல மாடி ஊடாமே."

"மாடி இல்ல. தளம்."

"ஏதோ ஒண்ணு. அங்க போனதும் உன் மருமவளுங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டவ்வ வாங்கிக்குவாளுங்க பாரு. டவுன் காத்து அப்படி."

"என் பசங்க ஒரே சட்டியில துன்னுதான் வளந்தானுங்க. ஒரே சட்டியிலதான் துன்னுவானுங்க. ரெண்டு பேரும் ஒரே ஊட்லதான். நீ வந்து பாத்துக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்து நினைத்தால் அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டாம். இவள் சொல்லி இன்னொருத்தி கேட்டு இப்போது குப்பம் முழுக்கத் தெரியும்.

ஆகஸ்ட் 13. ஞாயிறு.

வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டேன். பத்திரம் இரண்டு பிள்ளைகள் பெயரிலும் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நான் கேட்டது. பெரியவன் உடனே சரி என்றான். அவன் அப்படித்தான். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தான், வரும்போது எனக்குப் பல்பொடியும் கலாவுக்கு ரிப்பனும்.

சின்னவனிடம் சொன்னேன்: முறை நாளுக்கு முதல் நாள் ரயில் ஏறி இங்கே வந்து வலை கட்டிவிட்டு வந்துவிடு. உன் அப்பாவுக்கு இந்த ஊரில் இருக்கிற மரியாதைக்கு எவன் நம்மை எழுந்து கேட்கப்போகிறான்.

"கேப்பாங்கம்மா" என்றான்.

"கேட்டா நான் பேசிக்கறேன்."

வலை பொத்தப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 20. ஞாயிறு.

சீட்டு. எழுத முடியவில்லை. நாளைக்கு.

ஆகஸ்ட் 21. திங்கள்.

மழை இல்லை. மேகம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோவில் முன்னால் ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் வேப்பமரத்துப் பக்கம். ஊர்க் கணக்கு வைக்கிற தலையாரி நோட்டைப் பார்த்து ஒவ்வொரு குடும்பமாய்க் கூப்பிட்டார். எங்களுக்கு முன்னால் செங்கேணி வீடு. அவர் மூத்த மகன் எண்ணூரில் வேலை, குடும்பத்தோடு அங்கேதான். "அடுப்பு ஒண்ணா ரெண்டா?" என்று தலையாரி கேட்டார். செங்கேணி, "ரெண்டு" என்றார். இளையவன் பெயரில் எழுதிக்கொண்டார்கள். எவ்வளவு நேரம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்.

பிறகு எங்களைக் கூப்பிட்டார். தலையாரிக்கு என் வீட்டுக்காரர் மேல் மரியாதை உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். நல்லபடியாகத்தான் கேட்டார்.

"ஏழுமலை கும்மிடிப்பூண்டில ஊடு வாங்கிட்டான்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். எம்மா, அடுப்பு ஒண்ணா ரெண்டா?"

நான் எழுந்தேன். சின்னவன் அந்தப் பக்கம் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் பின்னால் நாகம்மா. அவள் மூச்சு கேட்டது.

"எங்க குடும்பம் பிரியாதுண்ணா. ரெண்டு பசங்களும் ஒரே ஊட்லதான்" என்றேன்.

தலையாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா ரோசனை பண்ணிச் சொல்லும்மா. தணிகாசலம் இங்க தனியா இருக்கானா? அடுப்பு ஒண்ணா, ரெண்டா?"

வழி காட்டிக் கேட்டார். எனக்குப் புரிந்தது. புரியாமல் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

"ஒண்ணு" என்றேன்.

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். தலையாரி நோட்டில் எங்கள் பெயர் மேல் கோடு போட்டார். எங்கள் சீட்டு சட்டிக்குள் போகவில்லை. பூசாரி மற்ற சீட்டுகளை எடுத்தார், ஒவ்வொரு பெயராய்ப் படித்தார்கள், நான் கடைசி வரை நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்னவன் சாப்பிட்டான். அஞ்சலைதான் கேட்டாள், முறத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஒரு வார்த்தைதானே அத்தே."

ஆகஸ்ட் 22. செவ்வாய்.

தலையாரி வீட்டுக்குப் போனேன். பல் வலி போய்விட்டது. அது ஒன்று.

"அண்ணா, நான் சொன்னது தப்பு. அடுப்பு ரெண்டுன்னு எழுதிக்கோங்க."

"முந்தாநாள் ஒண்ணு. இன்னிக்கு ரெண்டா?"

"ஆமாண்ணா."

"அம்மன் முன்னால சீட்டு எடுத்தாச்சும்மா. உன் பாட்ட மத்தவங்களுக்குப் பிரிச்சிக் குடுத்தாச்சு. யார்கிட்டப் போய் நான் பிடுங்கறது?" பிறகு குரலை இறக்கி, "நான் ரெண்டு வாட்டி கேட்டேனே. உன் வூட்டுக்காரர் எனக்கு நீச்சல் கத்துக்குடுத்தவரு, அதுக்காவத்தான் கேட்டேன்."

தணிகாசலம் தனிக்குடித்தனமாய் மூன்று வருஷம் குப்பத்தில் இருக்கட்டும், அப்புறம் புதுப்பெயராய் எழுதலாம் என்றார். மூன்று வருஷம் எதைத் தின்பான் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும்.

அவர் மனைவி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகஸ்ட் 24. வியாழன்.

பெரியவன் லீவு போட்டு வீட்டில். முகம் கறுத்துக் கிடக்கிறது.

"ஊடு வேணாம்மா. முன்பணம் போனாப் போவட்டும்."

"வாங்கலைன்னா பாடு திரும்பி வருமாண்ணா?" என்றான் சின்னவன்.

"வராதுதான்."

"அப்ப ஏன் விடற? நான் பேஜார் பட்டது போதாதா, நீ வேற தெனம் அஞ்சு மணி நேரம் ரயில்ல பஸ்ல தொங்கணுமா? வாங்கு."

"உனக்கு எங்க ஆலையில கேக்கறேன்டா. லோடு எறக்கற வேலை. அப்பறம் உள்ள எடுத்துக்குவாங்க."

"கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று மறுபடி என்னைத்தான் கேட்கிறார்கள். ஒரு வார்த்தையால் ஒன்றைக் கெடுத்தவளிடம் இன்னொரு வார்த்தை. நான் யோசித்தது இதுதான்: ஏரி போய்விட்டது. அந்த வீடாவது இருந்தால் இரண்டு பேரும் ஒரே கூரைக்குள். அதற்காகத்தானே அந்த வார்த்தையே சொன்னேன். வாங்குங்கள் என்றேன்.

கலா உள்ளே போய் அழுதாள். எதற்கு என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல ஆயா" என்றாள்.

செப்டம்பர் 1. வெள்ளி.

பத்திரம் ஆயிற்று. ரிஜிஸ்தர் ஆபீசில் கூட்டம், புழுக்கம். சின்னவன் வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். கையெழுத்து அழகாகப் போடுவான், நான்தான் சிலேட்டில் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தது. போட்டுவிட்டுப் பேனாவை மூடி அண்ணனிடம் கொடுத்தான்.

"இப்ப சந்தோஷமாம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

எழுத்தர் கேட்டார், இரண்டு பேரும் உங்கள் பிள்ளைகளா என்று. ஆமாம் என்றேன். கொடுத்து வைத்தவர் என்றார்.

நாஷ்டா: ஆளுக்கு இரண்டு இட்லி, வடை. சின்னவன் வடையை எனக்கு வைத்துவிட்டான்.

செப்டம்பர் 7. வியாழன்.

பால் காய்ச்சினோம். பொங்கியது நல்ல பக்கம்தான்.

குப்பத்திலிருந்து சாமான் ஒரே வண்டியில். அஞ்சலை ஒரு கோணிப்பை கொண்டுவந்தாள், கட்டின கட்டு அவிழ்க்காமல் கிணற்றுப் பக்க அறை மூலையில் வைத்தாள். என்னது என்று கேட்டேன்.

"ஸ்டவ். எங்க அம்மா குடுத்தது."

"எடுத்து வெளிய வைம்மா, உதவும்."

"இங்க ஒரே அடுப்புதானே அத்தே."

சரோஜா காதில் விழாத மாதிரி வெங்காயம் உரித்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

நாகம்மாவை அழைத்திருந்தேன். வந்தாள். எல்லா அறையும் பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் குடித்தாள். நல்ல வீடு என்று மட்டும் சொன்னாள். அவள் குத்திப் பேசியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

செப்டம்பர் 11. திங்கள்.

சத்தம். தலைக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி. முரளிக்கு மட்டும் குஷி, எந்த ஊர் வண்டி என்று நம்பரைப் பார்த்துச் சொல்கிறான். பவானி ஒவ்வொரு ஹாரனுக்கும் தூக்கிப் போட்டு அழுகிறாள். பஞ்சு வைத்தேன், பிடுங்கிப் போடுகிறாள். தட்டுகளை நானும் பின்னுக்குத் தள்ளக் கற்றுக்கொண்டேன்.

சின்னவன் ஆலையில் மூன்று நாள் லோடு இறக்கினான். தோளில் தோல் உரிந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன், திரும்பி உட்கார்ந்து காட்டினான்.

இன்று காலை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். வெகு நேரம். என்னடா பார்க்கிறாய் என்றேன்.

"காத்து எந்தப் பக்கம்னு பாக்கறேன். ஒண்ணும் தெரியல."

"அதெல்லாம் இப்ப எதுக்கு."

"எதுக்கும் இல்ல." பிறகு ஒரு லாரி போயிற்று, அதன் புகை சாய்ந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, "கச்சான்தான்" என்றான். சிரித்தான். உள்ளே வந்துவிட்டான்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 13. புதன்.

அஞ்சலையின் அண்ணன் விசாகப்பட்டினத்தில் லாஞ்சில் இருக்கிறான். இன்ஜின் போட்ட பெரிய படகு, ஒரு தடவை போனால் பத்து நாள் கடலிலேயே. அங்கே ஆள் வேண்டுமாம். கடிதம் போன வாரமே வந்திருக்கிறது. எனக்குத்தான் சொல்லவில்லை.

பெரியவன் கத்தினான். "கூலிக்கா? நம்ம ஏரியில மொதலாளியா இருந்தவன் எவனோ ஒருத்தன் படகுல கூலிக்கா?"

"இங்க மட்டும் இன்னா, மொதலாளியாவா லோடு எறக்கறேன்?"

"அண்ணன் தம்பின்னு எதுக்குடா பத்திரத்துல பேரு?"

"அது அம்மாவுக்குண்ணா."

சரோஜா எல்லோருக்கும் சோறு போட்டாள். ஒரே சட்டியில்தான்.

சாயந்திரம் அவனிடம் தனியாகக் கேட்டேன். என் மேல் கோபமா என்று.

"இல்லம்மா."

"இருந்தா சொல்லு."

"நீ அன்னிக்கு அந்த வார்த்தைய சொல்லியிருந்தா அது பொய்யா இருந்திருக்கும்மா. இன்னிக்கு நெசமாயிடுச்சு. அவ்வளவுதான்."

அவன் குத்திக் காட்டுகிற பிள்ளை இல்லை. நினைத்ததைச் சொன்னான்.

செப்டம்பர் 14. வியாழன்.

காலை ரயில். கூடூர் போய் மாற வேண்டும். கட்டிக் கொடுத்தது: புளிச்சோறு, சுட்ட கருவாடு, பவானிக்குப் பால் பாட்டில், கிரைப் வாட்டர். அஞ்சலை கோணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் எதிர்க்கடைக்கார அம்மாள் வந்திருந்தாள், யாரையோ அனுப்ப. எங்கே என்று கேட்டாள்.

"என் சின்னப்பையன். விசாகப்பட்டினத்துல பெரிய லாஞ்சு. அவங்களே ஆள் அனுப்பிக் கூப்புட்டாங்க" என்றேன்.

சின்னவன் கேட்டுக்கொண்டுதான் நின்றான். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, பெருமை பேசுவது இன்னும் நிற்கவில்லை, அந்த நேரத்தில்கூட.

குழந்தை தூங்கிவிட்டது. எழுப்ப வேண்டாம் என்றேன். எழுப்பியிருக்கலாம்.

வண்டி கிளம்பும்போது அஞ்சலை சன்னலில் கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உடம்பைப் பாத்துக்கோ அத்தே." அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நல்ல பெண்.

செப்டம்பர் 20. புதன்.

மழை. ரோட்டில் சேறு, வாசல் வரை தெறிப்பு. இரண்டு தடவை கழுவினேன்.

சத்தம் பழகிவிட்டது. வீட்டை விற்றவர் சொன்ன ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிணற்றுப் பக்க அறையைக் கலாவுக்குக் கொடுத்துவிடலாமா என்று சரோஜா கேட்டாள், டைப் படிக்க வசதி என்று. தப்பாகக் கேட்கவில்லை. வேண்டாம் என்றேன். அப்புறம் சரி என்றேன். அப்புறம் வேண்டாம் என்றேன். கலாவே வந்து, "எனக்கு வாசப்பக்கம் போதும் ஆயா, வெளிச்சம் நல்லா வருது" என்றாள்.

பெரியவன் இப்போதெல்லாம் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறான். வெளுத்த முகத்தில் கொஞ்சம் ரத்தம். அவனைப் பார்த்து சந்தோஷப்பட முடிகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அவன் தப்பு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 29. வெள்ளி.

குப்பத்துக்குப் போய் வந்தேன், ரேஷன் கார்டு விஷயமாக. போன வருஷம் எங்கள் பாடு விழுந்த இடத்தில் செங்கேணியின் இளைய மகன் வலை கட்டிக்கொண்டிருந்தான். கரையிலிருந்து பார்த்தேன். கழி நடுவது நேராக இல்லை. சின்னவன் நட்டால் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

நாகம்மா ஒரு கூடை இறால் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

"பெரியவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"சின்னவன்?"

"எழுதல இன்னும்."

"எழுதுவான்" என்றாள். நான் பஸ் ஏறும் வரை கூடவே நின்றாள்.

அக்டோபர் 8. ஞாயிறு.

வெயில். கடிதம் வந்தது, நேற்று. கலா படிக்க வந்தாள், நானே படித்துக்கொள்கிறேன் என்றேன். நான்கு வரி. சுகம். வேலை பரவாயில்லை. கரைக்கு வந்து இரண்டு நாள்தான், மறுபடி போகிறான். சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை, அங்கே அஞ்சலையே சமைக்கிறாள். அம்மாவைத் தேடுகிறது என்று ஒன்றும் எழுதவில்லை. ஆம்பிளைப் பிள்ளை எழுத மாட்டான்.

பதில் எழுதினேன். இரண்டு தடவை கிழித்துவிட்டு. சரியாக வந்ததை இதிலும் எழுதி வைக்கிறேன், பிறகு என்ன எழுதினேன் என்று மறந்துபோகும்.

தணிகாசலத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணனுக்கு உடம்பு தேறியிருக்கிறது. கலாவுக்கு பேங்கில் பரீட்சை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நீ போன பிறகு உன் ரூமில் யாரும் படுப்பதில்லை, நான் பெருக்கி வைக்கிறேன். கடலில் பத்து நாள் என்றால் துணி உப்பு பிடித்து உரசும், துவைத்து உடுத்து. பாடு விஷயத்தை நான் எழுதப் போவதில்லை. எழுதி ஆகப்போவது இல்லை. மூன்று வருஷம் ஆனால் தலையாரியிடம் நானே போய் நிற்கிறேன், அவர் என்ன கேட்டாலும் ரெண்டு என்று சொல்கிறேன். நீ வருவதானால்.

இங்கே அக்கம்பக்கத்தில் எனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்கிறார்கள். இரண்டு என்கிறேன். ஒருத்தனைத்தானே பார்க்கிறோம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது உன் கல்யாணப் படம் மட்டும், அதில் மாலை பாதி முகத்தை மறைத்துவிட்டது. அங்கே ஸ்டூடியோ இருக்கும். அஞ்சலையும் பவானியும் நீயும் போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. குழந்தையை அவளே தூக்கிக்கொள்ளட்டும், நீ முன்னால் நில். முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி.